செம்மறித் தோலில் ஒரு பிர்க்கா

1924ஆம் வருஷம் ஆனி மாதத்தில் எங்கள் பிர்க்காவில் பதினோரு கிராமங்களைக் கறையான் தின்றுவிட்டது.

மண்ணில் இருக்கிற கிராமங்களை அல்ல. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆபீஸ் சுவரில் தொங்கிய படத்தில் இருந்த கிராமங்களை. அதனால் என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டால், அவர் சர்க்கார் ஆபீஸ் வாசலில் ஒரு நாள்கூட நின்றதில்லை என்று அர்த்தம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கிறது இந்தப் பிர்க்கா. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இப்போது அங்கே இருக்கிற அதிகாரி வருத்தப்படுவார். பக்கத்துப் பிர்க்கா அதிகாரி தம்மை விட்டுவிட்டேன் என்று அதைவிட அதிகமாக வருத்தப்படுவார்.

அப்போது இன்ஸ்பெக்டராக இருந்தவர் ரங்கராஜுலு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. நேரத்துக்கு ஆபீஸ் வருவார், யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்தில் பரிசு வாங்கியவர் என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே குறை. "திக்கு, அளவு, குறி ஆகிய மூன்றும் படத்தில் ஒழுங்காக இருக்குமானால், ஊரை நேரில் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படாது" என்பார். நான்கு வருஷத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி அவர் போனதில்லை.

கறையான் தின்ற ஊர்களில் ஒன்றிலிருந்து ஒருவன் தகப்பனார் இறந்ததைப் பதிவு செய்ய வந்தான். இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார்.

"அப்படி ஒரு ஊர் இல்லையே" என்றார்.

"நான் அங்கேருந்துதாங்க வர்றேன்."

"இல்லாத ஊரிலிருந்து நீ வந்திருக்க இயலாது. இல்லாத ஊரில் உன் தகப்பனார் மரணமடைந்திருக்கவும் இயலாது. ஆகவே கவலைப்படாமல் போய் வா."

அழுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அவன் திரும்பிப் போனான்.

இப்படியே விட்டால் பிர்க்காவில் ஒருவரும் சாக முடியாத நிலைமை வந்துவிடும் என்பதால், புதுப் படம் எழுதுவது என்று முடிவாயிற்று. காகிதத்தில் எழுதினால் மறுபடியும் கறையான் வரும். அந்த வருஷம் உத்தியோகஸ்தர்களுக்கு இடையே தோல் பைத்தியம் வேறு பரவியிருந்தது. வேலூரில் ஒரு கண்காட்சி நடந்ததிலிருந்து ஆரம்பித்த வியாதி அது. சித்திரை வெயிலில் தோல் தொப்பி, தோல் உறை போட்ட விசிறி, தோல் மூடி வைத்த கூஜா. ஒரு பெரிய அதிகாரி தோல் தலையணை வைத்துப் படுத்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டு, அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். சீமையில் பிரபுக்களின் மாளிகைகளில் பூகோளப் படங்களைத் தோலில் எழுதி மாட்டுவார்கள் என்று ரங்கராஜுலு ஏதோ பத்திரிகையில் படித்தார். அன்று சாயங்காலமே அப்துல் கஃபாருக்கு உத்தரவு போயிற்று.

அப்துல் கஃபார் ஆற்றங்கரையில் சின்னதாகத் தோல் ஷாப்பு வைத்திருந்தவர். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலை ஊறப்போட்டுப் பதனிடுகிற தொழில். இருக்கிறதில் பெரிய செம்மறிக் கிடாத் தோலாக ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார். விரித்துவிட்டு ஒரு வார்த்தையும் சொன்னார்.

"சாப், இது செம்மறித் தோல். மழைக்கு நீளும், வெயிலுக்குச் சுருங்கும். முதுகு அசையாது, வயித்துப் பக்கம் ரொம்ப பேஜார். படத்துக்கு இது வாணாம் சாப்."

"சர்க்கார் முத்திரை விழுந்த பிறகும் சுருங்குமா?"

"முத்திரையோட சேர்ந்து சுருங்கும் சாப்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அது வியாபாரிகளின் பேச்சு என்று அவருக்குத் தோன்றியது.

படம் எழுதியவர் ஆபீஸ் குமாஸ்தா இஷ்தியாக் அகமது. நல்ல கைக்காரர். ஆட்டின் கழுத்துப் பக்கத்தை வடக்காக வைத்துக்கொண்டார். கடுக்காயும் இரும்புத் தூளும் சேர்த்துக் காய்ச்சிய மசி. தோலில் ஒருமுறை பிடித்தால் கழுவினாலும் போகாது. நாலு அங்குலம் ஒரு மைல் என்று அளவு வைத்தார். ஆபீஸ் நடுமுதுகிலும், சத்திரம் கிழக்கே முதுகு முடிந்து வயிறு ஆரம்பிக்கிற இடத்திலும் வந்தன. முதுகெலும்பின்மேல் ஒரு மைலுக்கு அளவுக் கோட்டையும் போட்டார். பாலாறு கிழக்கே, வயிற்றின் ஓரமாக ஓடியது. ஐப்பசி அடைமழையில் தோல் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று இருந்தபோது எழுதிய படம் அது. எழுதி முடித்த நாளில் ஒரு ஊர்கூட இடம் மாறவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். கறையான் தின்ற பதினோரு ஊர்களும் திரும்பி வந்தன, ஜனங்களும் பழையபடி சாக ஆரம்பித்தார்கள்.

படத்தை மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினார்கள். மார்கழி, தை போய், மாசி, பங்குனி வந்து, சித்திரையும் வந்தது. தினம் மத்தியானம் மூன்று மணி வெயில் செம்மறிக் கிடாவின் வயிற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சித்திரையில்தான் சவுரியம்மாள் மனுவோடு வந்தாள். கஃபார் ஷாப்பில் தோலுக்கு எண்ணெய் போடுகிறவள். சுண்ணாம்புமேட்டுக்காரி. ஷாப்பில் வேலை செய்கிற முப்பத்திரண்டு குடும்பங்கள் அந்த மேட்டில் இருந்தன. அவர்களுடைய கிணறு ஷாப்புத் தண்ணீர் இறங்கி உப்புக் கரித்துப் போய்விட்டது. குடிக்கிற தண்ணீருக்குச் சத்திரத்துக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். போக ஐந்து பர்லாங்கு, வர ஐந்து பர்லாங்கு, காலையும் மாலையும். குடம் சுமந்து சுமந்து மேட்டுப் பொம்பளைகளுக்கெல்லாம் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கோபப்பட்டுவிட்டு நானும் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பேன். நல்ல கிணறு அரை மைலுக்கு மேல் தள்ளியிருக்கிற குடியிருப்புக்கு சர்க்கார் செலவில் கிணறு வெட்டித் தரலாம் என்று சட்டம் இருந்தது. அரை மைல் என்பது நாலு பர்லாங்கு. சவுரியம்மாள் அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தாள்.

ரங்கராஜுலு மனுவை இரண்டு தடவை படித்தார். இரண்டு கால் உள்ள பித்தளைக் கவராயத்தை எடுத்தார். ஒரு காலைச் சத்திரத்தில் வைத்து மறு காலைச் சுண்ணாம்புமேட்டில் வைத்தார். பிறகு அதை அடிக்கோலில் வைத்துப் பார்த்தார்.

"இரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைகிறது. அதாவது அரை மைலுக்கு உட்பட்ட தூரம். மனு தள்ளுபடி செய்யப்படுகிறது."

"இன்னா அய்யா சொல்றீங்க? அஞ்சு பர்லாங்குங்க அது. தெனம் நடக்கிறேன்."

"நீ நடக்கிறாய் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெதுவாக நடக்கிறாய் போலிருக்கிறது. அதனால் தூரம் அதிகமாகத் தோன்றுகிறது."

"சங்கிலி போட்டு அளந்து பாருங்க அய்யா."

"பூமியை அளந்துதான் படம் எழுதினோம். எழுதிய பிறகு மறுபடியும் பூமியை அளப்பது படத்தை அவமதிப்பதாகும். பூமியில் மேடு பள்ளம் உண்டு, வளைவு உண்டு, சாணி உண்டு. படத்தில் இவை ஒன்றும் இல்லை. எது நம்பத்தக்கது?"

இஷ்தியாக் அகமதுவுக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாக, "சார், வெயிலுக்குத் தோல் கொஞ்சம் சுருங்கியிருக்கலாம்" என்றார்.

"சோதித்துவிடுவோம். அதற்காகத்தானே அளவுக் கோடு இருக்கிறது?" என்று இன்ஸ்பெக்டர் எழுந்து போய், முதுகெலும்பின்மேல் இருந்த கோட்டை அளந்தார். நாலு அங்குலம், ஒரு மயிரிழை குறையவில்லை. "பார்த்தீரா? படம் சுருங்கவில்லை. சுருங்கியிருந்தால் அளவுக் கோடும் சுருங்கியிருக்க வேண்டுமா இல்லையா?"

சவுரியம்மாள் படத்தின் பக்கத்தில் போய் நின்றாள். படிக்கத் தெரியாதவள். ஆனால் தோலைத் தெரியும். அடியில் சுருண்டிருந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்க மேடு எது அய்யா?"

இஷ்தியாக் காட்டினார்.

"வயித்துல கீது" என்றாள். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து, மேலதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று தபால் வந்தது. படமோ அப்பளம் மாதிரி விறைத்து, வால் பக்கம் வெடித்திருந்தது. அதற்கு எண்ணெய் போட்டுத் தரும்படி கஃபாருக்கு இன்னொரு உத்தரவு போயிற்று. ஷாப்பில் எண்ணெய் போடுவதில் கைதேர்ந்தவள் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஷாப்புக் கொட்டகையில் படத்தை ஒரு பகல் முழுதும் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். காவலுக்கு வந்த இஷ்தியாக் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சவுரியம்மாள் புங்க எண்ணெயைத் தடவிப் பிசைந்தாள். பிறகு தோலைப் பலகைமேல் போட்டு, முதுகுப் பக்கத்தை ஆணியடித்து நிறுத்தி, வயிற்றுப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"சவுரி, மெதுவா" என்றார் கஃபார். "பிர்க்கா கிழிஞ்சிடும்."

"கிழியாது மொதலாளி. பாய், இப்போ எவ்ளோ வருது பாருங்க."

இஷ்தியாக் அளந்தார். "ரெண்டரை. அஞ்சு பர்லாங்கு. சரியான தூரம். இத்தோட நிறுத்தும்மா."

"காஞ்சா மறுபடி உள்ள வாங்கும் பாய். கொஞ்சம் ஜாஸ்தியாவே இஸ்து வெச்சாத்தான் நிக்கும்." தோல்காரர்கள் எல்லாரும் செய்கிற கணக்குதான் அது. இன்னும் ஒரு அங்குலம் இழுத்து ஆணியடித்தாள். மூன்றரை அங்குலம், ஏழு பர்லாங்கு.

"நான் ஒன்னும் பார்க்கலே" என்றார் இஷ்தியாக்.

புது எண்ணெய் மினுமினுப்போடு படம் சுவருக்குத் திரும்பிய மறுநாள், சவுரியம்மாளின் மனுவும் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் கவராயத்தை வைத்தார், அடிக்கோலைப் பார்த்தார், மறுபடியும் வைத்தார்.

"ஏழு பர்லாங்கு. சென்ற மாதம் நான் கொஞ்சம் அவசரப்பட்டு அளந்திருக்க வேண்டும். இவ்வளவு தூரம் ஜனங்களை நடக்கவிடுவது சர்க்காருக்கு அழகல்ல" என்று சொல்லி, நிஜமாகவே கண் கலங்கி, கிணற்றுக்குச் சிபாரிசு எழுதினார். ஏழு பர்லாங்கு நடக்கிறவளைப் பார்த்து அவருக்கு வந்த இரக்கம் ஐந்து பர்லாங்கு நடந்தவளைப் பார்த்தபோது வரவில்லை.

இந்த மாதிரி சங்கதி ரகசியமாக இருக்குமா? ஒரு வாரத்துக்குள் பிர்க்கா முழுதும் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு ஜனங்கள் இன்ஸ்பெக்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு சவுரியம்மாளைப் பார்க்க வந்தார்கள். ஒரு ஊருக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் இரண்டு மைலுக்கு அப்பால் போக வேண்டும். இன்னொரு ஊருக்குச் சாராயக்கடை வேண்டாம். கடை கோயிலை நெருங்கி வர வேண்டும், அதாவது அந்த இடத்தில் நெருப்புச் சட்டியைக் காட்டிச் சுருக்க வேண்டும். கழுத்துப் பக்கத்துக்காரர்கள் தங்கள் ஊரில் சுருக்கம் விழுந்திருப்பதால் அது மலைப்பிரதேசம் என்றும், மலைப்பிரதேசத்துக்கு உண்டான சலுகைகள் வேண்டும் என்றும் கேட்டார்கள். கிடா உயிரோடு இருந்தபோது வேலி முள் கிழித்து ஆறிய தழும்பு ஒன்று தொடைப் பக்கம் இருந்தது. அதை வாய்க்கால் என்று சொல்லி இரண்டு ஊர்கள் பாத்தியதைக்குச் சண்டை போட்டன. முதுகெலும்பில் விழுந்த ஊர்க்காரர்கள்தான் பாவம்.

"எங்க ஊரையும் கொஞ்சம் இஸ்து வுடும்மா."

"முதுகு நகராதுண்ணா. நான் இன்னா பண்ணட்டும்? ஆட்டைத்தான் கேக்கணும்."

இரண்டு மாதத்தில் நாலு தடவை எண்ணெய் போட வேண்டியிருந்தது. படம் எல்லாப் பக்கமும் பெருத்தது. ரங்கராஜுலு ஒரு நாள் பொழுது போகாமல் பிர்க்காவின் பரப்பைக் கணக்குப் பார்த்தார். ஐம்பத்து நாலு சதுர மைலாக இருந்தது அறுபத்தொன்று ஆகியிருந்தது. அவர் திகைத்துப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, தம்முடைய நிர்வாகத்தின்கீழ் பிர்க்கா ஏழு சதுர மைல் அபிவிருத்தி அடைந்திருப்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வதாக மேலே எழுதினார்.

மேலிருந்து பாராட்டு வந்தது. பக்கத்துப் பிர்க்கா அதிகாரியிடமிருந்து புகாரும் வந்தது: உலகம் வளராது என்பதால் அந்த ஏழு சதுர மைலும் தம்முடையதாகத்தான் இருக்க வேண்டும். அவர் புகாரோடு நிற்கவில்லை. தம் படத்தை எருமைத் தோலில் எழுத ஏற்பாடு செய்துவிட்டார்.

நிலைமை முற்றுவதைப் பார்த்த மேலிடம் உத்தரவு போட்டது. இனி எந்தப் பிர்க்காவும் வளரக் கூடாது. படம் இப்போது இருக்கிற நிலையிலேயே மரச் சட்டத்தில் ஆணியடித்து, மேலே கண்ணாடி போட்டு, முத்திரை வைக்கப்பட வேண்டும். எண்ணெய் போட்டு ஈரம் காயாத படத்தை அன்றைக்கே சுற்றிலும் நாற்பது ஆணி அடித்து நிறுத்தினார்கள். ஊர்கள் எல்லாம் இருந்த இடத்தில், அதாவது இல்லாத இடத்தில், நிலையாக நின்றன.

ஆடி மாதம் கிணறு மஞ்சூராகி ஓவர்சியர் வந்தார். கிணறு எங்கே வெட்டுவது என்று அவர் சவுரியம்மாளைக் கேட்கவில்லை. படத்தைக் கேட்டார். சத்திரத்திலிருந்து நேர் கிழக்கே ஏழு பர்லாங்கு. சங்கிலி பிடித்துக்கொண்டு போனார்கள். ஐந்தாவது பர்லாங்கில் சுண்ணாம்புமேடு வந்தது. முப்பத்திரண்டு வீட்டு ஜனங்களும் வெளியே வந்து, பொம்பளைகள் தெருவில் தண்ணீர் தெளித்து, கற்பூரம்கூட வைத்திருந்தார்கள். சங்கிலி அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"அய்யா, இங்கதான்" என்று சவுரியம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

"இன்னும் இரண்டு பர்லாங்கு இருக்கிறதம்மா" என்றார் ஓவர்சியர்.

ஏழாவது பர்லாங்கு கஃபார் ஷாப்பின் முற்றத்தில், சுண்ணாம்புக் குழிக்கும் பட்டைத் தொட்டிக்கும் நடுவில் வந்து முடிந்தது. அங்கேதான் கிணறு வெட்டினார்கள். நல்ல கிணறு. வட்டமாகக் கருங்கல் கட்டி, 'சுண்ணாம்புமேட்டு ஜனங்களின் குடிநீருக்காக' என்று கல்லும் பதித்தார்கள். தண்ணீர் பதினாறு அடியில் வந்தது. வரும்போதே டீ நிறத்தில், ஆவாரம்பட்டை வாசனையோடு வந்தது.

சவுரியம்மாள் ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். துப்பினாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து அழுதாள்.

"நான்தான் இஸ்தேன் பாய்" என்றாள் இஷ்தியாக்கிடம். "இந்தக் கையாலதான் இஸ்தேன்."

மறுநாள் இரண்டு பேரும் இன்ஸ்பெக்டர் எதிரில் நின்றார்கள்.

"அய்யா, கெணறு ஷாப்புல கீது. நாங்க மேட்டுல கீறோம்."

ரங்கராஜுலு கண்ணாடிமேல் விரலை வைத்துக் காட்டினார். "கிணறு உங்கள் மேட்டின் நடுவில் இருக்கிறது. நீங்கள்தான் உங்கள் ஊரை விட்டு இரண்டு பர்லாங்கு மேற்கே தவறுதலாகக் குடியிருக்கிறீர்கள். முப்பது நாளுக்குள் சொந்த ஊருக்குத் திரும்பிவிட வேண்டும்."

"அந்த எடத்துல தோல் ஷாப்பு கீதே அய்யா. பகல் பூரா நாங்க அங்கதான் கெடக்குறோம்."

"அப்படியானால் பாதி நாள் சட்டப்படி நடந்திருக்கிறீர்கள். சந்தோஷம். மீதிப் பாதியையும் சரிசெய்துகொள்ளுங்கள்."

கஃபாருக்குத் தனியாக நோட்டீஸ் வந்தது. படத்தில் அவருடைய ஷாப்பும் கிழக்கே தள்ளிப் போயிருந்தது; அந்தத் தூரத்தை ஓவர்சியர் சங்கிலியால் அளந்தால் பாலாற்றின் நடுவே வந்தது. ஆற்றுக்குள் கட்டடம் கட்டியதற்குச் சமாதானம் சொல்ல வேண்டும்.

"ஆத்துக்குள்ள இருந்தா நான் நனைஞ்சிருக்கணுமே சாப்" என்றார் கஃபார்.

"பாலாற்றில் தண்ணீர் இல்லாதது உமக்கு அனுகூலமான சாட்சி ஆகாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த நோட்டீஸ் இன்னும் விசாரணையில் இருக்கிறது. கஃபார் அதுவரைக்கும் புதுக் கிணற்றுத் தண்ணீரை இறைத்துத் தொட்டியில் விடுகிறார். அரைப் பதம் அதுவாகவே வந்துவிடுகிறது, பட்டைச் செலவு கம்மி என்று கேள்வி. குடிநீர்க் கல்லின்மேல் தோல் காய்கிறது. மேட்டு ஜனங்கள் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. திரும்பாததற்கு வருஷத்துக்கு ஒரு எச்சரிக்கை வருகிறது.

ரங்கராஜுலு உத்தியோக உயர்வில் போய்விட்டார். போகும்முன் கண்ணாடிக்குள் இருந்த படத்தைப் பார்த்துக் காகிதத்தில் நூறு பிரதி எடுக்கவைத்தார். பள்ளிக்கூடங்களில் மாட்டியிருப்பது அதுதான். உங்கள் பிள்ளை நேற்றுப் பார்த்து வரைந்துகொண்டு வந்து, நீங்களும் முதுகைத் தட்டிக் கொடுத்தீர்களே, அதுவும் அதுதான். அந்தப் படத்தின்படி நான் இதை எழுதுகிற வீட்டின் வழியாக ரயில் ஓடுகிறது. பரவாயில்லை என்று நானும் இருந்துவிட்டேன். படத்தில் என் கொல்லை இப்போது ஏழு அடி கூடுதல் நீளம். அதைச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வழக்காடி ஜெயித்தும்விட்டேன்.

போன மாதம் புதிதாக ஒரு சர்வேயர் வந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷர், ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தே வந்தவர். சத்திரத்துப் பாதையில் இடுப்பில் குடத்தோடு எதிரே வந்த சவுரியம்மாளை நிறுத்தி, "ஏம்மா, சத்திரத்துக் கிணத்துக்கும் உங்க மேட்டுக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

சவுரியம்மாள் குடத்தை இறக்கவில்லை.

"காஞ்சா நாலு பர்லாங்கு அய்யா. நனைஞ்சா ஏழு. நடந்தா அஞ்சு."

அவர் தலையை ஆட்டிவிட்டு, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து எழுதிக்கொண்டார்.